கை சூடான பிறகு

என்னங்க, வணக்கம். தையல் மிஷின் மிதித்து வந்த கால்வலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? எனக்கு அசதிதான், வேறொன்றுமில்லை.

குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கி விரல் மரத்துப்போனதால் நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நரம்பு கெட்டிருந்தால் வேலை போய்விடும். மணிக்கட்டில் லேசாக ஷாக் வைத்தார்கள். விரலுக்குச் சிக்னல் தாமதமாகவே போனது.

“கையா அக்கா இது, ஐஸ் கட்டியா?” என்றாள் பரிசோதித்த பெண். “நரம்பு செல்லுல குட்டிக் குட்டி வாசல் இருக்கு. அது திறந்து உப்பு உள்ள பாஞ்சாத்தான் கரண்ட்டே. குளிர்ல வாசல் சோம்பேறி ஆயிடும்.”

என் கையைத் தன் கைகளுக்குள் பொத்திச் சூடேற்றினாள். இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கமாட்டாளா என்றிருந்தது. மறுபடி பார்த்தால் நரம்பில் குறையில்லை. வேலை தப்பியது.

வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது. மிஞ்சிய கம்பளித் துணியில் ஒரு ஜோடி கையுறை தைத்து அனுப்புங்கள். அளவு கேட்காதீர்கள், என் கை உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரி