சிதம்பரம் வரை சீடியா

அன்புள்ள மச்சான்,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். நாம் இருவரும் சேர்ந்து வாங்கி, முதுநகரில் என் வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்ட அந்தப் பழைய சீடியா ஸ்போர்ட்ஸ் கார் ஓடிவிட்டது!

"டைமிங் பெல்ட்ட ஒரு பல்லு தள்ளி மாட்டிட்ட மச்சான்" என்று நீ சொன்ன அன்று, உனக்கு என்ன தெரியும் என்று ஸ்பானரை வீசினேன். நீ கிளம்பிப் போனாய். அதன்பிறகு எட்டு மாதம் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். போன வாரம்தான் பெல்ட்டைக் கழற்றினேன்.

ஒரு பல்தான்.

சரியாக மாட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமிய உறுமலில் தெருவே கூடிவிட்டது.

நேற்று சிதம்பரத்துக்கே ஓட்டி வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் நூறைத் தொட்டேன். ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் இல்லை. உன் வீட்டு வாசலில் நிறுத்தினால், நீ டியூட்டிக்குப் போயிருந்தாய். என் தங்கை பெலிசியாவை ஒரு சுற்றுக்கு அழைத்தேன். நேராகப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"முன்னாடி வந்து உக்காரும்மா."

"அது அவுரு எடம்ண்ணே."

முன் சீட்டைக் காலியாக வைத்தே சிதம்பரம் முழுக்கச் சுற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் வாசலில் ஹாரன் அடிப்பேன். நான் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். ஓட்ட வேண்டியது நீ.

உன் பிடிவாதக்கார மச்சான்