குழிவாயில் சொன்ன சொல்

நாள் 61. காலை 6.10

குழியின் ஆழம் நாற்பத்தொரு மீட்டர். பனி உருக்கும் கலத்தில் அழுத்தம் சரி. நேற்று எடுத்த தண்ணீர் முந்நூற்றுப் பத்து லிட்டர். காற்று வடிகட்டி மாற்றினேன். வெளியே மைனஸ் நூற்று எழுபது டிகிரி.

எங்களுக்குப் பிறகு இந்த நிலையத்துக்கு வரப்போகும் இருவருக்காக இதை எழுதுகிறேன். இது பூமியிலுள்ள தரை நிலையத்துக்குப் போகாது, இங்கேயே இருக்கும். என் பெயர் கோகிலவாணி. கருவிகளைக் கவனிப்பது என் வேலை. துளையிடுவது என் கணவர் செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. நிலவின் தென்துருவத்தில் பனிக்குள் குழி போட ஆள் தேடியபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். தொண்ணூறாம் நாள் கப்பல் வரும். நீங்கள் இறங்குவீர்கள், நாங்கள் ஏறுவோம்.

அவருக்குப் பைபோலார் என்ற மனநலக் கோளாறு இருக்கிறது. தரை நிலையத்துக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னவர் அவர். கொஞ்ச நாள் மேடு, கொஞ்ச நாள் பள்ளம், லித்தியம் மாத்திரை போட்டால் சமதளம் என்றார். அதன் விலையாகக் கை லேசாக நடுங்கும், டம்ளரைப் பார்த்தாலே தெரியும் என்றும் சொன்னார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போர் வண்டியில் குழிவாயில் நிற்பவர் "இறக்கு" என்றால் லீவர் பிடித்தவர் இறக்க வேண்டும். மறுபடி கேட்டுத் தயங்கினால் யாருக்காவது விரல் போகும். அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டோம். காலையில் ஒரே ஒரு தடவை கேட்பேன், மாத்திரை போட்டீர்களா என்று. அவர் சொல்வதை நம்புவேன். டப்பாவைத் திறந்து எண்ண மாட்டேன். அவர் சிரித்தாலோ கோபப்பட்டாலோ அதை நோய் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் குறைந்தால் அவராகவே வந்து சொல்ல வேண்டும். ஐந்து வருடமாக இப்படித்தான். இரண்டு முறை வந்து சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் டாக்டரிடம் சேர்ந்து போனோம்.

இன்றும் கேட்டேன். போட்டாச்சு என்றார்.

நாள் 66. மாலை 5.40

ஆழம் நாற்பத்தேழு. தண்ணீர் நானூற்று எண்பது லிட்டர். இதுவரை எடுத்ததில் இதுதான் அதிகம். தரை நிலையத்தில் எல்லோரும் கைதட்டிய சத்தம் கேட்டது.

அவர் இரண்டு ஷிப்ட் வேலையையும் ஒரே ஆளாகப் பார்க்கிறார். துளையிடும் ராடு மாட்டும்போது தேர் இழுப்பவர்களைப் போலக் குரல் கொடுக்கிறார். சாப்பிடும்போது, தான் பேசுகிற பேச்சில் வரும் காற்றைச் சிலிண்டரில் அடைத்துத் தரைக்கு விற்றுவிடலாம் என்றார். வெகுநேரம் சிரித்தேன்.

டாக்டர் ஹேமாவதி இன்று பேசினார். எங்கள் இருவரின் உடல்நலமும் அவர் பொறுப்பு. என்னை அம்மாடி என்றுதான் கூப்பிடுவார். என் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியபோது அவரே போன் செய்து பத்தியம் சொன்னவர். என் கணவர் தூங்குவது குறைந்திருக்கிறது என்று சொன்னேன். வேலை நன்றாகப் போகும் சந்தோஷம்தான், நீ நன்றாகத் தூங்கு என்றார். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். டாக்டர் ஒன்று சொன்னால் தலையாட்டித்தான் பழக்கம். தலையாட்டினேன். குரல் மட்டும் போகும் ரேடியோ, நான் தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

நாள் 69. காலை 6.30

ஆழம் ஐம்பத்தொன்று. மற்ற அளவுகள் சரி.

அவர் இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பார். நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் மேட்டுக்கு அந்தப்பக்கம் புதிய குழிகள் போட வரைபடம் வரைந்து மேசை முழுக்க ஒட்டியிருக்கிறார். அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், போர் வண்டிகளை விற்றுவிடாதே, எல்லாவற்றையும் நிலவுக்கு ஏற்றப்போகிறோம் என்று.

டீ கொடுத்தேன். டம்ளர் நடுங்கவில்லை. விளிம்புவரை ஊற்றியிருந்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை.

அதற்கு முன்பே கேட்டாகிவிட்டது. போட்டாச்சு கண்ணு என்று சொல்லியிருந்தார். இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

நாள் 71. மாலை 4.20

வெளியே போய்வரும் மின்வண்டி கொட்டகையில் இல்லை. அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார். திரையில் வண்டியின் மின்கலம் முப்பத்தொரு சதவீதம் காட்டுகிறது. திரும்பி வர இருபத்தேழு வேண்டும். உடனே திரும்பினால்தான் வர முடியும். எனக்கு வேறு வண்டி இல்லை. ரேடியோவில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"கோகிலா, இங்க வந்து பாரு கண்ணு. மேடு பூராவும் தண்ணி. நாப்பது குழி போடலாம்."

"சார்ஜ் கம்மியா இருக்குதுங்க. திரும்பிருங்க."

"அட, அதெல்லாம் இருக்குது. நீ எப்பப் பாரு மீட்டர் முள்ளையே பாத்துட்டு உக்காந்திரு."

"மாத்திரை போட்டீங்களா?"

இன்று நான் கேட்ட இரண்டாவது தடவை. அவர் சிரித்தார்.

"இல்ல. பத்து நாளாச்சு. டாக்டரம்மாதான் நிறுத்திப் பாக்கச் சொன்னாங்க. கை நடுங்காம இருந்தா குழி வெரசா எறங்குமில்ல. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க, நீ பயந்துக்குவியாமா. எனக்கு ஒண்ணும் ஆவலையே, பாரு."

பத்து நாள். அப்படியென்றால் இந்தக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே பொய் இருக்கிறது. நான் அதை அழிக்கப் போவதில்லை.

நாள் 71. மாலை 4.35

தரை நிலையத்தைக் கூப்பிட்டேன். டாக்டர் ஹேமாவதி வந்தார்.

"பதட்டப்படாத அம்மாடி. டோஸைக் கொஞ்சம் குறைக்கத்தான் சொன்னேன். அவரா நிறுத்திட்டார் போல."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"மேலிடத்துல இன்னும் எச்சாத் தண்ணி வேணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. நீ எதையும் மறைக்கத் தெரியாத பொண்ணு. அதனாலதான். அவரைத் துரத்தாத, தானா வந்துருவார்."

குறைக்கச் சொன்னாரா, நிறுத்தச் சொன்னாரா? இருவரில் ஒருவர் இப்போதும் பொய் சொல்கிறார். யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டு பேரும் எனக்கு அந்நியராகிவிட்டார்கள். இருவரும் என்னைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நான் பக்கத்து அறையில் வடிகட்டி கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.

மின்கலம் முப்பது.

நாள் 71. மாலை 4.50

கெஞ்சினேன். அழுதேன். அவர் வரைபடத்தைப் பற்றியே பேசினார். மின்கலம் இருபத்தொன்பது. கடைசியில் நான் சொன்னது இது:

"பிட்டு மாட்டிக்கிச்சுங்க. ராடு சுத்தல."

பதிலுக்கு வந்த குரலில் சிரிப்பு இல்லை.

"எத்தனை மீட்டர்ல?"

"அம்பத்திரண்டுல."

"எதையும் தொடாத. வந்தர்றேன்."

துளையிடும் முனையான பிட் எங்கேயும் மாட்டவில்லை. ராடு என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. குழிக்குள் மாட்டிய பிட்டை விட்டுவிட்டு எந்தப் போர் வண்டிக்காரரும் ஓர் அடி நகர மாட்டார். அது எனக்குத் தெரியும்.

நாள் 71. இரவு 7.15

வந்துவிட்டார். வண்டியில் மிச்சம் இரண்டு. உடையைக் கழற்றாமல் நேரே இயந்திர அறைக்குப் போனார். ஓடும் ராடைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குழி விசயத்துல பொய் சொல்லிட்டயே, கோகிலா."

"மாத்திரை போட்டாச்சுன்னு நீங்க மட்டும் எங்க நின்னு சொன்னீங்க?"

உயிரோடு இருக்கிறார். சந்தோஷப்பட வேண்டும். வண்டியைச் சார்ஜில் போட்டேன்.

நாள் 74. காலை 7.00

ஆழம் மாற்றமில்லை. துளையிடுவதை நிறுத்திவிட்டேன்.

வேறு டாக்டர் வேண்டும் என்று தரையில் சண்டை போட்டேன். குரலை உயர்த்திப் பேசியது இதுதான் முதல் தடவை. ரேடியோவில் வந்த புது டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார். வேலை செய்யச் சில நாள் ஆகுமாம். அதுவரை வண்டிச் சாவி என்னிடம். கணவர் தானாகவே கொடுத்தார்.

மாத்திரையை என் முன்னால் போடுகிறார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார், ஆஸ்பத்திரி வார்டில் காட்டுவதுபோல. நான் காட்டச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. இப்படி இருக்கவே கூடாது என்றுதான் ஐந்து வருடம் பாடுபட்டோம்.

நாள் 83

பள்ளம். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். குளிக்கவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும் குடிக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கருவிகளின் அளவுகளைச் சத்தமாகப் படிக்கிறேன். அது அவருக்குப் பிடிக்கும், முன்பு பிடித்திருந்தது. கோபம் இன்னும் இருக்கிறது. அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டார். கப்பல் என்றைக்கு என்று. ஏழு நாள்தான் என்றேன். அந்த ஏழைப் பிடித்துக்கொண்டுதான் கண் மூடுகிறார்.

நாள் 86. காலை 10.05

தரையிலிருந்து செய்தி. பேசியது டாக்டர் ஹேமாவதி. அவரை மாற்றவே இல்லை போலிருக்கிறது.

"அம்மாடி, நீங்க எடுத்த தண்ணியால மேலிடத்துல ரொம்பத் திருப்தி. இந்தக் கப்பலை வேற வேலைக்கு அனுப்பறாங்க. உங்களுக்கு அடுத்த கப்பல் நூத்தி எண்பதாம் நாள். அவர்கிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். இந்த நிலைமையில தாங்க மாட்டார். இந்தத் தடவை உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்யறோம், பாத்தியா?"

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "சரிங்க டாக்டர்" என்று என் குரல் கேட்டது.

ஆகவே நீங்கள் இருவரும் இப்போதைக்கு வரப்போவதில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாள் 86. மாலை 6

எழுந்து உட்கார்ந்தார். உப்புமா இரண்டு வாய் சாப்பிட்டார். அளவுகள் எதையும் இன்று எடுக்கவில்லை.

"நாலு நாள்ல கப்பல் வந்துருமில்ல?"

உண்மையைச் சொன்னால் அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அதன்பிறகு திரும்பி வருவாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் அந்த டாக்டரும் நானும் ஒன்று. சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வந்துருமுங்க" என்றேன்.

அவர் தாடையைத் தடவிப் பார்த்தார். இந்த மூஞ்சியோடு ஊரில் போய் இறங்கினால் அம்மாவுக்கு அடையாளம் தெரியாது என்றார். சவரம் செய்யச் சுடுதண்ணீர் கேட்டார்.

வைத்துக் கொடுத்தேன். இப்போது கண்ணாடி முன்னால் நின்று ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்குப் பெட்டி கட்டிவிடலாம், தன் துணிகளையும் எடுத்து வை என்கிறார்.

எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.