பிளெசியின் பெயரில் ஒரு மன்னிப்பு

மெட்டுகுடா,
செகந்திராபாத்.
4 டிசம்பர் 2007

அன்பு மகள் பிளெசிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கர்த்தரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு மாதமாக அவரும் பதில் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. உன் விடுதி விலாசத்தையும் போன் நம்பரையும் உன் அண்ணன் இவானிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். புரியாத இடத்தை யாரிடமும் கேட்காதே. இன்னொரு முறை படி.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், இனிப்பையும் ஒழுங்காகத் தின்கிறார். ஏப்ரலில் ரிட்டயர் ஆனதும் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இவான் கொண்டாப்பூரில் ஃபிளாட் பார்த்திருக்கிறான். பத்தாவது மாடியாம். எனக்கு அங்கே போக மனசே இல்லை. மீன்காரம்மா வாரம் தவறாமல் உன்னை விசாரிக்கிறாள். நீ நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்புகிறேன்.

அந்தப் பாட்டைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் இன்று திறக்கப் போகிறேன்.

இவான் சனி ஞாயிறில் கீபோர்டு வாசிக்கும் ஸ்டுடியோவில், வர வேண்டிய பாடகி வரவில்லை என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து, "மம்மி, பாட்டுல ரெண்டு இடத்துல பெருமூச்சு விடச் சொன்னாங்க, எனக்கு அடக்க முடியாம சிரிப்பு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாய். அப்பாவும்தான் சிரித்தார். பிறகு ஆட்டோவுக்கு ஆட்டோ அந்தப் பாட்டு. தெலுங்கு பாதிதான் புரிந்தாலும் சமையலறையில் நானும் முணுமுணுத்தேன். பாடியது என் மகள் என்று மீன்காரம்மாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். படம் வந்தது. அந்த நடிகை போட்டிருந்த உடுப்பைச் சபையார் எல்லோரும் பார்த்தார்கள். நீயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்ததைப் போல அதற்கப்புறம் உன்னைப் பார்த்தார்கள்.

சபைக் கமிட்டியில் செயலாளர் பொன்ராஜ் அங்கிள்தான் முதலில் எழுந்தாராம். பாடகர் குழுவில் நின்று ஆண்டவரைத் துதிக்கிற வாய் இப்படிப் பெருமூச்சு விடலாமா என்று கேட்டாராம். அந்த வரிகளை எழுதியது ஒரு ஆண். மெட்டுப் போட்டதும், இங்கே மூச்சு விடம்மா என்று சொல்லிக்கொடுத்ததும் ஆண்கள்தான். ஐம்பது வயதுக் கதாநாயகன் அந்த நடிகையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான். உன் அண்ணனின் விரல் அந்தப் பாட்டில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓடுகிறது. கமிட்டிக்கு உன் மூச்சு மட்டும்தான் காதில் விழுந்தது. உன்னைக் குழுவிலிருந்து நிறுத்தினார்கள். அதே மாதம் இவானுக்காக ஸ்தோத்திர ஜெபம் செய்தார்கள், சினிமா வரைக்கும் போயும் கர்த்தர் கொடுத்த தாலந்தைப் புதைக்காத வாலிபன் என்று.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது வேறு.

இவானுக்குப் பெண் நிச்சயமாகியிருந்த நேரம். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், ஆட்சேபம் உண்டா என்று ஓலை வாசிக்க வேண்டும் அல்லவா? பொன்ராஜ் அங்கிள் அப்பா டியூட்டியில் இருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துக்கொண்டே, பிளெசி ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டால் ஃபைலில் போட்டு மூடிவிடலாம், இல்லாவிட்டால் இவானுடைய ஓலையை வாசிப்பது கஷ்டம் என்றார். அல்வாலில் பெண் வீட்டுக்காரர்கள் அதற்குள் நாலு கேள்வி கேட்டுவிட்டிருந்தார்கள். உன்னிடம் கேட்டால் நீ எழுதியிருக்க மாட்டாய். செய்யாத தப்புக்கு நீ மன்னிப்புக் கேட்கிற பிள்ளை இல்லை. அதனால் உன்னைக் கேட்கவே இல்லை. நானே எழுதினேன்.

உனக்குத் தெரியும். ஆனாலும் நான் என் வாயால் ஒத்துக்கொள்ளவில்லை, இன்று எழுதுகிறேன். "மாம்சத்தின் இச்சைக்கு என் குரலை விற்றேன்" என்று உன் பெயரில் எழுதினேன். அந்த வரியை அங்கிள் சொல்லித்தரவில்லை, பிளெசி. நானே யோசித்துப் போட்டேன். கீழே உன் கையெழுத்தையும் போட்டேன். உனக்குத் தமிழ் எழுத வராது என்பது சபை முழுக்கத் தெரியும். ஒருவராவது கேட்க வேண்டுமே!

ஃபைலில் போடுவேன் என்றவர் ஞாயிறு ஆராதனையில் மைக் முன்னால் நின்று வாசித்தார். நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அந்த வரி வந்ததும் நீ அப்பாவைப் பார்க்கவில்லை, அங்கிளைப் பார்க்கவில்லை, நேராகத் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பாட்டுப் புத்தகத்தில் நம்பர் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். வெளியே வந்ததும் அப்பா கண் கலங்க உன் தலையில் கை வைத்ததைப் பார்த்தேன். அவர் அதை நீ எழுதியதாகவே நம்பினார். நீ அவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் ஓலை நல்லபடியாக வாசிக்கப்பட்டது.

கலியாண வரவேற்பில் முதலில் ஞானப்பாட்டு நாலு, அப்புறம் உன் பாட்டு. மாப்பிள்ளைக் கோலத்திலேயே இவான் கீபோர்டில் உட்கார்ந்தான். ஹால் முழுக்க எழுந்து ஆடியது. பொன்ராஜ் அங்கிள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஆடினார். பெண் வீட்டுக்காரர்கள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். நீ மேடைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாய். நான் ஓடி வந்து உன் கையைப் பிடித்து, வேண்டாம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றேன். நீ கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த ஊர் இந்தியில் "கைக்கு மம்மி?", ஏன் என்று மட்டும் கேட்டாய். குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிடும்போது நீ பட்டுப்புடவையோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தாய்.

போன மாதம் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கர்த்தர் உன்னை மன்னிச்சிட்டாரும்மான்னு அவ தலையில கை வச்சுச் சொன்னேனே, சுந்தரி" என்றார். அன்று அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பொன்ராஜ் அங்கிள் வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு எதற்குக் கிளறுகிறீர்கள் என்று அங்கிள் டீ கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் அப்பா தன் பாடகர் அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கோயில் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறார். என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறார்.

முந்தாநாள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் எழுந்து நின்று, அந்தக் கடிதத்தை எழுதியது நான், என் மகளுக்கு அதில் சம்பந்தமில்லை என்று சொன்னேன். தலைவி அடுத்த பாட்டின் நம்பரைச் சொன்னார்கள், எல்லோரும் பாடினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. பொன்ராஜ் அங்கிள் நம்பருக்குப் போன் போட்டால் மணி அடிக்காது, உன் பாட்டுதான் கேட்கும். அவர் மகன் வைத்துக்கொடுத்த காலர் ட்யூன். நம் வீட்டிலிருந்த சி.டி.யை மன்னிப்புக் கடிதத்தோடு சேர்த்து நானே அவரிடம் கொடுத்துவிட்டேன், கடையில் போய்க் கேட்கவும் வெட்கம். அதனால் வியாழக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற நேரம் பார்த்து, எதிர்க்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து போடுவேன். நீ பாடுவாய். எடுக்க ஆளில்லை என்று கட் ஆகும், மறுபடி போடுவேன். யாரோ ஒரு பொம்பளை மிஸ்டு கால் கொடுக்கிறாள் என்று அங்கிள் கோயிலில் புலம்பினார். நானும் பக்கத்தில் நின்று உச்சுக் கொட்டினேன்.

போன வியாழக்கிழமை போட்டேன். வேறு பாட்டு, யாரோ ஒரு ஆம்பளைக் குரல். உன்னுடையது பழசாகிவிட்டதாம், மாற்றிவிட்டார்களாம். நம்பர் தப்போ என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு கடைக்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

பிளெசி, ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிட்டும் இனிப் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம், இவான் சொன்னான். பாடு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, கேட்கவில்லை. என்னை மன்னிக்கவும் சொல்லவில்லை. கால் சென்டரில் ஜெனிஃபர் என்று பெயர் வைத்துக்கொண்டு முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு நாளெல்லாம் ஹலோ சொல்கிறாயாமே. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த ஒரு ரூபாய் போனிலிருந்து உனக்குப் போடுவேன். நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன், சத்தியம். ஜெனிஃபராகவே எடுத்து ஒரு ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடம்மா.

கர்த்தர் உன் கூடவே இருப்பார்.

உன் அம்மா,
ஜெயசுந்தரி எபனேசர்