கச்சான் காற்றில் பூட்டிய மட்டை

14 ஜூன் 2025

பஸ்னா ஏறாவூரிலிருந்து வந்து, சொன்னபடியே அந்த அயன் மட்டைச் செட்டைத் தந்துவிட்டுப் போனாள். கட்டாரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்தவர்கள். அவள் கடையில். நான் பந்து பொறுக்கி, மட்டை துடைத்து, ஆள் இல்லாத நேரத்தில் அடித்துப் பழகியவள். இது அந்தக் கடையில் வாடகைக்கு விட்டுப் பழசான செட். தடித்த அடி, குழிந்த முதுகு. கொஞ்சம் பிழையாக அடித்தாலும் பந்தை ஓரளவு நேராக அனுப்பும் என்று செய்தவை.

"உன்ட மெல்லிய அயன் எல்லாம் பெரிய ஆட்டக்காரருக்குத்தான். இத வெச்சு அடி. சோதினையில பாஸ் பண்ணோணும் எண்டா வெக்கம் பாராத" என்றாள்.

வெட்கம்தான். என் மெல்லிய செட் அங்கிருந்த பயிற்றுநர் போகும்போது எனக்கென்று தந்தது. அதை விட மனமில்லை.

செப்டெம்பரில் மலைநாட்டில் பயிற்றுநர் சோதனை, ஒரு முழுச் சுற்று ஆடிக் காட்டவேண்டும். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் விருந்தினருக்குப் பயிற்சித் திடல் திறக்கப்போகிறது. டிசம்பருக்குள் சான்றிதழ் இருந்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் திரும்பவும் கட்டார்தான். மகள் ஆர்த்திகாவை முதல்தரம் விட்டுப் போகும்போது அவளுக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. அண்ணன் வீட்டிலேயே வளர்ந்துவிட்டாள். இப்போதுதான் யோசிக்காமல் அம்மா என்று கூப்பிடுகிறாள். அவளுடைய அப்பாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

22 ஜூன்

மட்டக்களப்பில் கோல்ஃப் அடிக்க எங்கே போவது? அண்ணனின் வட்டைதான். மானாவாரி வயல், மாரிப்போகம் மட்டும். பங்குனியில் வெட்டியபிறகு மழை வரும்வரை சும்மா கிடக்கும். காலையில் ஊர் மாடுகள் மேயும், அடிக்க முடியாது. பின்னேரம் மாடுகள் குளத்துக்குப் போனபிறகு என் ராச்சியம். வரம்போடு வடக்குப் பார்த்து அடிக்கிறேன்.

மாட்டுக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். "என்ன புள்ள, பாம்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

3 ஜூலை

தடித்த அயன் சரிவரவில்லை. ஒரு கிழமை முழுக்க இரண்டு செட்டையும் மாற்றி மாற்றி அடித்தேன். தடித்த அடி நிலத்தில் பட்டதும் துள்ளி, பந்தின் நடு வயிற்றில் இடிக்கிறது. பந்து எழும்பவே இல்லை, தவழுகிறது. கை முழங்கைவரை விறைத்துப் போகிறது. மெல்லியது பத்தில் ஐந்தையாவது சுத்தமாக எடுக்கிறது.

பஸ்னாவிடம் சொன்னேன். "நீ அடிக்கிறதுதான் பிழை" என்றாள். இருக்கட்டும். என் கை எனக்குத் தெரியாதா?

19 ஜூலை

ட்ரைவர் இன்னும் மோசம். தூர அடிக்கிற பெரிய தலை மட்டை. அடிக்கிற ஒவ்வொன்றும் வலப்பக்கம் வளைந்து அடுத்தவர் வயலுக்குள் போகிறது. கட்டாரிலும் அந்தப் பயிற்றுநர் சொல்வார், அடிக்கும்போது உன் மட்டையின் முகம் திறக்கிறது என்று. அந்த நோய் திரும்பிவிட்டது.

அண்ணன் வரம்பில் குந்தியிருந்து பார்த்தான். "அந்தச் சாவி சும்மா எதுக்கு வெச்சிரிக்காய்? திருகிப் பாரன்."

மட்டையோடு வந்த சாவியால் கழுத்துத் திருகைக் கழற்றி, தலையை ஒரு குறி திருப்பிப் பூட்டினேன். முகம் கொஞ்சம் மூடும், பந்து இடப்பக்கம் வரவேண்டும்.

2 ஓகஸ்ட்

இன்னும் வலப்பக்கம்தான்.

10 ஓகஸ்ட்

இன்னொரு குறி. அடியில் உள்ள சின்னப் பாரத்தையும் கழற்றி உட்பக்கம் மாற்றினேன். இதற்குமேல் திருகுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

நேராகப் போகிறது. திரும்பத் திரும்ப நேராக. அண்ணன் "மறுகா என்ன, பாஸ்தான்" என்றான். எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஏன் வரவில்லை?

30 ஓகஸ்ட்

ஆர்த்திகா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "அம்மா, நீங்க பெயிலானா எப்ப போவீங்க?"

அண்ணன் பெண்சாதி, மச்சாள், அவளை அதட்டினாள். பிள்ளை பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. நான் பெயிலாக மாட்டேன் என்று சொன்னேன்.

17 செப்டெம்பர்

நாளைக்கு பஸ். மலைநாட்டுக்கு இரண்டு செட் தூக்க முடியாது. தடித்ததைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

19 செப்டெம்பர்

முடிந்துவிட்டது.

20 செப்டெம்பர்

நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

காலையில் ஒரே பனிமூட்டம். பயிற்சித் திடலை மூடிவிட்டார்கள். பனி விலகியதும், ஒரு பந்தும் அடித்துப் பார்க்காமல் நேரே முதல் குழிக்குப் போனோம். ஒரு இலைகூட ஆடவில்லை. ட்ரைவரை எடுத்து அடித்தேன். நல்ல அடி, சத்தத்திலேயே தெரியும். பந்து இடப்பக்கம் வளைந்து வளைந்து பைன் காட்டுக்குள் போனது. இரண்டாவது குழியிலும் அதே காடு, அதே பக்கம்.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. காற்று. கச்சான் காற்று. மூன்று மாதம் ஒவ்வொரு பின்னேரமும் மேற்கே இருந்து அடித்துக்கொண்டிருந்தது. வடக்குப் பார்த்து அடித்த என் பந்தை அதுதான் வலப்பக்கம் தள்ளியது. என் அடியில் ஒரு பிழையும் இல்லை. நான் காற்றுக்கு மட்டையைப் பூட்டியிருக்கிறேன். அந்தக் காற்றுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. விசர். விசர்ப் பெட்டை.

சாவி பையில் இருந்தது. கையை உள்ளே விட்டுத் தொட்டும் பார்த்தேன். சுற்று தொடங்கியபிறகு மட்டையின் அமைப்பை மாற்றக்கூடாது, அது விதி. மாற்றினால் அதோடு வெளியே. ட்ரைவரைப் பைக்குள் போட்டுவிட்டு அயனால் ஆடினேன். தூரம் போதவில்லை. கொஞ்சம் பிசகினாலும் மெல்லிய அயன் பந்தைப் பாதி வழியில் போட்டது.

என்னோடு ஆடிய கொழும்புப் பிள்ளையிடம் தடித்த அடி அயன். பஸ்னா தந்த மாதிரியேதான். புல்லில் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அள்ளிக் கொடுக்கிறது. வெடித்துக் காய்ந்த களிமண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு மட்டை சரியில்லை என்று முடிவு கட்டியவள் நான். அந்தப் பிள்ளை பாஸ், நான் பெயில். ஆட்டத்துக்கு நடுவே அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள், நான் வாங்கவில்லை. பாவம், அவள் என்ன செய்தாள்?

23 செப்டெம்பர்

அண்ணன் "நான்தானே திருகச் சொன்னன்" என்றான். இல்லை அண்ணன், என் கைதான் திருகியது என்றேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

6 ஒக்டோபர்

ஹோட்டல் நிர்வாகியோடு பேசினேன். அடுத்த சோதனை வருகிற வருசம். அதுவரை காத்திருக்க அவர்களால் ஏலாது, வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

28 ஒக்டோபர்

ஏஜென்சிக்குப் போனேன். கட்டாருக்கே, இந்தமுறை வீட்டு வேலைக்கு. மேசையில் இருந்த பெண் கேட்டாள், "அக்கா முன்ன அங்க என்ன வேலை செஞ்சீங்க?"

"கிளீனிங்" என்றேன்.

9 நவம்பர்

பயண நாள் வந்துவிட்டது. அடுத்த கிழமை. ஆர்த்திகாவிடம் எப்படிச் சொல்வது என்று காலை முழுக்க யோசித்து, அவளுக்குத் தலை பின்னிவிடும்போது சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"போகமுதல் மாமிட ஃபோனச் சரி பண்ணித் தாங்கம்மா. போன தடவ வீடியோவில உங்கட முகம் வடிவா விளங்கல்ல."

பின்னலைக் கட்டிவிட்டேன். ஃபோனை வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு மட்டக்களப்பு ரவுணுக்குத் திருத்தக் கொண்டுபோக வேண்டும்.