இருங்கோ என்ற சொல்

என்னோடு கோபித்துக்கொண்டு பக்கத்து ஊரான ஸ்தேனுக்குப் போன தங்கச்சிக்கு,

வென்றுவிட்டேனடி. முந்தநாள் மறுபடியும் எங்கள் கட்டிடத்தில் கரண்ட் போய், ஹீற்றர் எல்லாம் குளிர்ந்துவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரு காஸ் ஹீற்றர் கேட்டு வீட்டுச் சொந்தக்காரன் மகேந்திரராசாவிடம் நான் போன குளிர்காலத்திலேயே அலைந்தேன். நீ இரவிரவாக இருமியபோது, "போர்த்துக்கொண்டு படுக்கச் சொல்லுங்கோ" என்றவன். நான் மறப்பேனா?

நேற்று கதவு கதவாகத் தட்டி, எல்லாரையும் போர்வையோடு எதிரே இருக்கும் அவனுடைய புடவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பொங்கல் வியாபாரம், கடை நிறையச் சனம். வாய்ப்பழக்கத்தில், "வாங்கோ அம்மா, இருங்கோ" என்றான்.

இருந்துவிட்டோம். பொழுதுபட்டும் எழும்பவில்லை.

"வீட்டை போகேல்லையோ அம்மா?"

"நீர்தானே தம்பி இருங்கோ எண்டனீர்? இஞ்சை நல்ல சூடு."

புடவை பார்க்க வந்த ஒருத்தி, "ஏன் ஆச்சி போர்வையோட?" என்று கேட்டாள். கடை முழுக்கக் கேட்கும்படி எங்கள் குளிர்க் கதையைச் சொன்னேன். அவன் முகம் கறுத்துப்போனது. இன்று காலை வீட்டுக்கு வீடு காஸ் ஹீற்றர் வந்து இறங்கியது.

"உனக்கு வாய் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதையும் மறக்கவில்லை. அந்த வாய்தான் வென்றது.

உன் கட்டில் கிடக்கும் அறை இப்போது நல்ல சூடு. நீ வந்தால் நானும் "இரு" என்பேன். சொன்னால், இருக்கத்தான் வேண்டும்.

எதையும் மறக்காத
உன் அக்கா