குளம்பில் காய்ச்சல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது, கவலை வேண்டாம். நம் குதிரை மகாராணிதான் நேற்று என்னைக் கலங்கடித்துவிட்டாள்.

நேராக நடந்தவள், லாயத்து முனையில் திரும்ப மாட்டேன் என்று நின்றுவிட்டாள். முன்கால்களை நீட்டி வைத்து, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்திருந்தாள். குளம்பைத் தொட்டேன், காய்ச்சல்கார நெற்றிபோலச் சுட்டது. அதற்கு மேலே நாடி திடுதிடுவென்று அடித்தது.

"கழுதை, வேலைக்குப் பயந்து நடிக்குது" என்றார் மாமா. நான் கேட்கவில்லை, டாக்டரைக் கூப்பிட்டேன்.

குளம்புக்குள் வீக்கம், இப்போதுதான் ஆரம்பம் என்றார். "ரெண்டு நாள் விட்டிருந்தா நிக்கவே முடியாம போயிருக்கும்மா." காலுக்கு ஐஸ் தண்ணீர், மெத்தென்ற படுக்கை, காய்ந்த புல் மட்டும். தேறிவிடுவாள்.

"தானியம் அதிகமானா இப்படித்தான் குளம்புல இறங்கும். யாரு இவ்வளவு போட்டது?" என்று கேட்டார் டாக்டர். நான் வாய் திறப்பதற்குள் மாமா, "நான்தான். வயசாச்சு, அளவு தெரியல" என்றார். டாக்டர் போனதும் என்னிடம், "என் பையன்கிட்டயும் இதையே சொல்லிக்கிறேன். நீ போய் ஒரு வாய் சாப்பிடு" என்றார்.

மாமா உங்களிடம் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் போனதிலிருந்து மகாராணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாவது வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று, தினமும் ஒரு டப்பா கூடுதலாகப் போட்டது நான்தான்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி