ஸ்கூட்டரில் நாலு நிமிஷம்

என் அண்ணனுக்கு, இஞ்ச் டேப் இல்லாமல் எந்த வீட்டு வாசலையும் மிதிக்காத மகராசனுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நல்லா இருக்கியா என்று கேட்க வழியில்லை. அதனால் நேராகச் சண்டைக்கே வருகிறேன். உயிரோடு இருந்தபோதும் நமக்குள் அதுதானே பழக்கம்?

வீடு தேடின நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? சத்துவாச்சாரியில் என் தெருவிலேயே ஒரு வீட்டைக் காட்டினேன். முப்பதடி ரோடு, இரண்டு பக்கமும் காற்று, வாசலில் கார் நிறுத்தலாம். நீயோ டவுனுக்குள், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து வீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய். "அம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல சுமதி. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும். ஸ்கூட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டேன், கரெக்டா நாலு நிமிஷம்" என்றாய். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாயாம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருடம் தோலை அளந்து அளந்து வெட்டியவன் நீ. அளவு என்றால் உனக்கு அப்படியொரு நம்பிக்கை. கட்டில் நுழையுமா, பீரோ திரும்புமா என்று சந்தின் அகலத்தைக்கூட டேப் பிடித்துப் பார்த்தாய். ஆம்புலன்ஸ் வருமா என்று பார்த்தாயா? நான் கேட்டபோது சிரித்தாய். "கைல ஸ்கூட்டர் இருக்கறப்ப ஆம்புலன்ஸ் இன்னாத்துக்கு?"

கடைசியில் அந்த நாலு நிமிஷம் யாருக்குத் தேவைப்பட்டது பார். அம்மா எழுபத்து மூன்று வயதில் கல்லு மாதிரி இருக்கிறாள். நீ நாற்பத்தெட்டில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்புலன்ஸ் மார்க்கெட் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எங்கேயோ அலறியது. பக்கத்து வீட்டு சமீர் பாய் உன் ஸ்கூட்டரையே எடுக்கச் சொன்னார். அவர் தம்பி ஓட்ட, நடுவில் நீ, பின்னால் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாய். நாலே நிமிஷத்தில் போய்விட்டார்கள், அண்ணா. உன் அளவு தப்பவே இல்லை. டாக்டர்தான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

ஐஸ் பெட்டி சந்து வளைவில் திரும்பவில்லை. முனையில், டீக்கடை ஓரமாகப் பந்தல் போட்டு உன்னைக் கிடத்தினோம். அதைப் பார்த்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. வீட்டைப் பிடித்தவன் நீதான் என்று தெரிந்தும், அத்தனை பேர் முன்னால் அண்ணியைப் பிடித்து உலுக்கினேன். "உனக்குக் கடைவீதி பக்கத்துல வேணும்னுதானே எங்கண்ணன இந்தப் பொந்துல கொண்டாந்து வெச்ச? இந்தச் சந்துதான் அவன கொன்னுச்சு. நீயும்தான்!"

அண்ணி வாயே திறக்கவில்லை. தப்பு செய்தவள், அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காரியம் முடிந்த கையோடு அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி வந்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இப்போது அம்மா கதையைக் கேள். மூன்று மாதமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முப்பதடி ரோட்டைப் பார்க்கிறாள். ரோட்டில் ஈ காக்கை கிடையாது, எல்லார் வீட்டு கேட்டும் பூட்டு. சந்தில் ஒரு கட்டுக் கீரைக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவள். நோன்புக் கஞ்சிக்கு சமீர் பாய் வீட்டுக்குத் தூக்கு கொடுத்தனுப்பிவிட்டு, ருசி கம்மி என்று குறையும் சொன்னவள். இங்கே அவளோடு சண்டை போடக்கூட ஆளில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறோம். வைத்துவிட்டுப் போன சோறு பாதி அப்படியே கிடக்கிறது.

"இன்னாடி ஊரு இது? சுடுகாட்டுக்குக்கூட நாலு பேரு வருவாங்க" என்கிறாள். "கொன்ன சந்தா இருந்தாலும் அது என் சந்துடி. என்னைக் கொண்டுபோய் வுட்டுடு."

போன வாரம் மார்க்கெட்டில் சமீர் பாயைப் பார்த்தேன். அம்மாவைத் திருப்பி அனுப்பினால் அண்ணி சேர்த்துக்கொள்வாளா என்று கேட்டேன். மனிதர் என்னைக் கூட்டத்திலிருந்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. வண்டில ஏத்தறப்பவே உங்கண்ணன் உடம்பு சில்லுனு இருந்துச்சு. வீட்லயே முடிஞ்சு அரை மணிக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாற்காலில கண்ண மூடினு இருந்தவர, தூங்குறாருன்னு நெனச்சு, அம்மா பக்கத்துலயே உக்காந்து திட்டிக்கினே இருந்தாங்க. தண்ணிக் கேன தூக்கி வெக்கலன்னு. எங்க வீட்டு வரைக்கும் கேட்டுச்சு. மீன் வாங்கப் போன உங்க அண்ணி வந்து பார்த்துதான் கத்துச்சு. அம்மாவுக்கு இது தெரியவே கூடாதுன்னு எங்க கையப் புடிச்சு சத்தியம் வாங்கிச்சு."

அப்படி என்ன திட்டினாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஞாயித்துக்கெழமன்னா பொணம் மாரி உக்காந்துக்கறியேடா, அப்படின்னாங்க."

சந்து உன்னைக் கொல்லவில்லை, அண்ணா. சத்துவாச்சாரி உன்னைக் காப்பாற்றியிருக்கவும் போவதில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருந்தாலும் நீ போயிருப்பாய். அண்ணி இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அம்மா அந்தப் பந்தலில்தானே உட்கார்ந்திருந்தாள்? அதற்காக அண்ணி கொலைகாரி என்ற பேரை ஊர் முன்னால் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் எவ்வளவு கேவலமானவள்!

நேற்று சந்துக்குப் போனேன். அண்ணி கதவைப் பாதிதான் திறந்தாள். காலில் விழப் போனேன், விலகிக்கொண்டாள்.

"அத்தைய அனுப்பு, நான் பார்த்துக்கறேன். நீ இனிமே இங்க வராத."

"அண்ணி, தெரியாம பேசிட்டேன்."

"இப்ப தெரிஞ்சுக்கினல்ல, அதான் பயமா இருக்கு. உன் வாய் நிக்காது சுமதி. இங்க வந்து உக்காந்தா, என்னிக்காவது என்னைக் கட்டிக்கினு அழுவ, மன்னிப்பு கேப்ப. உள்ள அத்தை கேட்டுக்கினு இருப்பாங்க. அதோட அவங்க கதை முடிஞ்சுது."

கதவைச் சாத்திவிட்டாள். அவள் சொன்னதில் ஏதாவது தப்பு இருக்கிறதா, நீயே சொல். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதைக்கூட எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தச் சந்துப் பக்கம் போனால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

வரும் ஞாயிறு அம்மாவைக் கொண்டுபோய் விடுகிறேன். முனையில், உன் பெட்டி இருந்த இடத்தில் காரை நிறுத்துவேன். அண்ணி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவுக்கு மாத்திரையும் பழமும் வாங்கிக்கொண்டு அங்கேயே வந்து நிற்பேன். அம்மாவும் முனை வரைக்கும் வந்து கூப்பிடாமல் இருக்கமாட்டாள். "உள்ள வாயேன்டி, அண்ணிகிட்ட இன்னும் இன்னாடி பேஜாரு?" என்பாள்.

அப்போது நான் சொல்லப்போவது ஒன்றுதான். உன்மேல் சத்தியம், அவள் மூச்சு இருக்கிறவரை அதையேதான் சொல்வேன்.

"வரமாட்டேம்மா. இந்தச் சந்துதான் எங்கண்ணன கொன்னுச்சு."

இப்படிக்கு,
வாயை அடக்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் வாயாடித் தங்கச்சி,
சுமதி